தாளிக்காத கறியும் ஒரு பிடி ஈசலும்

மூக்கையா அண்ணனின் சோற்றுப் பார்சலை நான் இருபது வருஷம் கேலி செய்திருக்கிறேன். முதலில் அதை ஒப்புக்கொண்டுவிட வேண்டும். ஒப்புக்கொள்ளாமல் அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்குக் கை ஓடாது.

பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தில் எங்கள் ஆய்வுகூடத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அறை உண்டு. மத்தியானம் பன்னிரண்டரைக்கு அங்கே இரண்டு பேரும் பார்சலை அவிழ்ப்போம். என்னுடையதை அவிழ்த்தால் அக்குறணையிலிருந்து வந்த இறைச்சிக் கறி வாசனை அறையை நிறைக்கும். அவருடையதை அவிழ்த்தால் ஒன்றும் வராது. சோறு, அவித்த பருப்பு, அவித்த பூசணி அல்லது போஞ்சி. உப்பும் மஞ்சளும் போட்டிருக்கும். கடுகு கிடையாது, கறிவேப்பிலை கிடையாது, எண்ணெய் என்ற பேச்சே கிடையாது. ஒரு அப்பளம் பொரித்து வந்து நான் கண்டதில்லை.

“என்ன அண்ணே, இண்டைக்கும் ஆஸ்பத்திரிச் சாப்பாடா? ரத்தினம்மா அக்காவுக்குத் தாளிக்கிற தாச்சி எண்டா என்னண்டு தெரியாதா?” என்பேன்.

“எங்க வீட்டுல தாளிக்கிறதில்லீங்க நானா” என்பார். அதோடு சரி. காரணம் கேட்டால் பருப்பைப் பிசைவதில் மும்முரமாகிவிடுவார். மனைவி சோம்பேறி, இவர் அவளுக்குப் பயந்தவர் என்று நானே ஒரு முடிவுக்கு வந்து, அதை வளாகம் முழுக்கச் சொல்லியும் வைத்திருந்தேன்.

ஹந்தானை மலைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர் மூக்கையா அண்ணன். வளாகத்துக்குப் புல் வெட்ட வந்தார். பிரஜாவுரிமை கிடைத்த பிறகு நிரந்தரத் தொழிலாளியாகி, எண்பத்தொன்பதில் எங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்து சேர்ந்தார். கண்ணாடிக் குழாய்களைக் கழுவுவது, உலர்த்தும் அடுப்பைப் பார்த்துக்கொள்வது, காலையில் திறந்து மாலையில் பூட்டுவது அவர் வேலை. நான் அங்கே தொழில்நுட்ப உத்தியோகத்தர். பதவியில் நான் மேலே, வயதில் அவர் மேலே. அதனால் அவர் என்னை, முஸ்லிம் ஆட்களை அண்ணனாக அழைக்கும் ‘நானா’ என்றார், நான் அவரை ‘அண்ணே’ என்றேன். சண்டை வந்தால் மட்டும் இரண்டு பேரும் மரியாதையை மறந்துவிடுவோம்.

சண்டை அடிக்கடி வரும். எனக்கு மூக்கு நுனியில் கோபம். அவருக்கு ஒரே ஒரு விஷயத்தில்தான் கோபம், ஆனால் அது வந்தால் கண்மண் தெரியாது. யாராவது சாப்பாட்டைக் கொட்டக் கூடாது. ஒரு நாள் ஒரு மாணவன் பாதி பனிஸைக் குப்பைக் கூடையில் போட்டான். அண்ணன் அதை எடுத்துவந்து, அவன் எழுதிக்கொண்டிருந்த கொப்பியின் மேலேயே வைத்தார். “நீங்க திம்பீங்களா, நான் திங்கட்டுமா?” என்று கேட்டார். பையன் பயந்துபோய்ச் சாப்பிட்டான். இந்த மனிதருக்குப் பட்டினி தெரியும் என்று எனக்கு அன்றே விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை, சிரித்தேன்.

பிள்ளைகள் உண்டா என்று கேட்டால் “இல்லீங்க” என்பார். இருந்தது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அம்பிட்டியவில்தான் அவர் வீடு. இருபது வருஷத்தில் ஒரு தடவைகூட என்னை வா என்று கூப்பிட்டதில்லை. என் மூத்த மகளின் கலியாணத்துக்கு வந்து கூட்டுச் சாப்பாட்டுச் சவன் தட்டுகளைத் தூக்கிப் பரிமாறிய மனிதர், தன் வீட்டுத் தேத்தண்ணி ஒன்று எனக்குத் தரவில்லையே என்று மனதில் ஒரு குறை இருந்தது.

இரண்டாயிரத்து ஒன்பதில் எங்கள் பகுதிக்குக் கலாநிதி பரிமளம் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். வெளிநாட்டில் படித்துவிட்டு, சாப்பிடக்கூடிய பூச்சிகளில் என்ன சத்து இருக்கிறது என்று ஆராயத் திரும்பி வந்திருந்தார். அதைக் கேட்டதும் நான் “யா அல்லாஹ்” என்றேன்.

“மஹ்மூத், நீங்கள் சாப்பிட வேண்டாம். அரைச்சுத் தந்தால் காணும்” என்றார் அவர்.

“அரைக்கிறது ஹராம் இல்லைதானே மிஸ்?”

“அதை நீங்கள்தான் உங்கட ஆக்களிட்டைக் கேக்க வேணும்.”

அவருக்கு முதலில் தேவைப்பட்டது ஈசல். ஒக்டோபர் மழை தொடங்கியிருந்தது. நானும் இரண்டு மாணவர்களும் நுளம்பு வலையும் மின்விளக்குமாக இரண்டு நாள் வளாகத்தைச் சுற்றினோம். கிடைத்தது ஒரு தேக்கரண்டி ஈசலும் மூன்று பேருக்கு மழையில் நனைந்து மூக்கொழுகும் தடிமனும். மூன்றாம் நாள் சாயங்காலம் மானாப்புல் சரிவில் ஒரு புற்றுக்குப் பக்கத்தில் விளக்கை நட்டுக்கொண்டிருந்தபோது, ஆய்வுகூடத்தைப் பூட்டிவிட்டு வந்த மூக்கையா அண்ணன் நின்றார்.

“வெளக்க அங்க வைக்காதீங்க. எல்லாம் மேல பறந்துரும். குழி வெட்டி உள்ள வைக்கணும்.”

சொன்னவுடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் பிடித்துக்கொண்டேன்.

“தெரியுமா உங்களுக்கு? அப்ப நீங்களே புடிச்சுத் தாங்களேன்.”

“நான் அதத் தொடமாட்டேன் நானா.”

“ஏன்?”

“தொடமாட்டேன்.”

மூன்று நாள் மழையில் நனைந்த எரிச்சல் எனக்கு. “தெரிஞ்ச வேலையை ஒளிச்சு வைக்கிறீங்க. அடுத்த வருஷம் பென்ஷன் வருதெல்லா, அந்தத் திமிர்” என்று மாணவர்களுக்கு முன்னால் சொல்லிவிட்டேன். அவர் குடையும் இல்லாமல் இறங்கிப் போனார். இன்றைக்கு நினைத்தாலும் என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மறுநாள் சாயங்காலம் அவராகவே ஒரு சாக்கும் அரிக்கன் லாம்பும் கொண்டுவந்தார். புற்று வாய்க்குக் கீழே குழி வெட்டி, அதற்குள் லாம்பை வைத்து, நனைந்த சாக்கால் கூடாரம் போல மூடினார். மழை விட்டு வெளிச்சம் மங்குகிற நேரம். கால் மணித்தியாலத்தில் குழிக்குள் சரசரவென்று சத்தம். ஒரு வாளி நிறைய அள்ளித் தந்தார். அடுத்த நாள் அதை உலர்த்தி, கையால் தேய்த்து, சுளகில் புடைத்து இறகை நீக்கினார். பாதியை மிஸ் பச்சையாகவே எடுத்துக்கொண்டார். மீதியை அண்ணன் வெறும் சட்டியில் உப்புப் போட்டு வறுத்தார். முகத்தைச் சட்டிக்குக் காட்டாமல் யன்னல் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டே வறுத்தார். புகை பிடிக்கவில்லையாக்கும் என்று நான் நினைத்தேன்.

மிஸ் நாலைந்தை வாயில் போட்டார். “கச்சான் கடலை மாதிரி இருக்கு. நீங்களும் எடுங்கோ மூக்கையா.”

“வேணாங்க மேடம்.”

மூன்று கிழமையில் பெறுபேறு வந்தது. பரிமளம் மிஸ் கடதாசியைப் பிடித்துக்கொண்டு பின்னறைக்கே ஓடி வந்தார். நாங்கள் பார்சலை அவிழ்த்திருந்தோம். “மூக்கையா, உங்கட ஈசலைப் பாருங்கோ” என்று கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உலர்ந்த ஈசலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புரதமாம். நல்ல கொழுப்பாம். இரும்பும் துத்தநாகமும் இருக்கிறதாம். இறைச்சிக்குக் குறைவில்லையாம். மருந்தடித்த நிலத்தில் பிடிக்கக் கூடாது, நன்றாக வறுக்க வேண்டும், இறால் ஒத்துக்கொள்ளாதவர்கள் தொடாமலிருப்பது நல்லது, மற்றபடி பயமில்லை என்றார்.

அண்ணன் கையில் சோறு அப்படியே இருந்தது. “புள்ளைங்களுக்குக் குடுக்கலாங்களா மேடம்?”

“ஓம், தாராளமாய்க் குடுக்கலாம்.”

“சின்னமுத்து போட்டிருக்கிற புள்ளைக்கு?”

சின்னமுத்து என்றால் தட்டம்மை; அவர் ஏன் கேட்கிறார் என்று மிஸ்ஸுக்கு என்ன தெரியும்? நல்ல கேள்வி கேட்டாரே என்ற சந்தோஷத்தில் சொன்னார்: “அப்பதான் குடுக்க வேணும். சின்னமுத்து வந்தால் உடம்பு தன்னட்டை இருக்கிற சத்தையே திண்டுபோடும். சாப்பாடில்லாத பிள்ளையளுக்குத்தான் அந்த வருத்தம் மோசமாய்ப் போறது. பிள்ளை கேட்டால் குடுக்கத்தான் வேணும்.”

அண்ணன் கையைப் பார்சலிலேயே உதறினார். எழும்பப் பார்த்தவர் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். நெஞ்சு வருத்தம் என்று நினைத்து நான் தண்ணீர் எடுக்க ஓடினேன்.

“கேட்டுச்சுங்க” என்றார். “கேட்டுச்சு. நான் குடுக்கல.”

அன்றுதான் சுந்தரி என்று ஒரு பிள்ளை இருந்தது எங்களுக்குத் தெரிந்தது.

எழுபத்து நாலாம் வருஷம். கூப்பன் அரிசியைக் குறைத்து, மாவையும் குறைத்து, தோட்டங்களில் சனங்கள் காட்டுக் கிழங்கும் கீரையும் தேடித் திரிந்த காலம். கிழவர்கள் கண்டி டவுனுக்கு நடந்துபோய், பஸ் நிலையத்திலேயே விழுந்து செத்தார்கள் என்று என் வாப்பா சொல்லி நானும் கேட்டிருக்கிறேன். மூக்கையா அண்ணனுக்கு அப்போது இருபத்து நாலு வயது. பிள்ளைக்கு ஐந்து. மழைக்கு ஈசல் பறந்தபோது அவர் சாக்குச் சாக்காகப் பிடித்து, வறுத்து, ஒரு பிஸ்கட் டின்னில் அடைத்து வைத்தார். காலையில் ஒரு பிடி, சாயங்காலம் ஒரு பிடி. தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்துப் பிள்ளைகள் வயிறு ஊதிக் கால் சூம்பிக் கிடந்தபோது சுந்தரி மட்டும் ஓடித் திரிந்தது.

“கங்காணி கேட்டாரு. ‘என்னடா மூக்கையா, ஒன் புள்ளைக்கு மட்டும் தொர பங்களாவுல இருந்து சோறு வருதா?’ன்னு. எனக்கு அவ்வளவு பெருமைங்க” என்றார் அண்ணன்.

பிறகு லயத்தில் சின்னமுத்து வந்தது. அவர்களுக்கு அது நோயில்லை, அம்மாள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். வாசலில் வேப்பிலை செருக வேண்டும். வெளி ஆட்களை உள்ளே விடக் கூடாது. மருந்துக்குக் கொண்டுபோகக் கூடாது. தாளிக்கக் கூடாது, வறுக்கக் கூடாது, கவுச்சி ஆகவே ஆகாது. முத்து இறங்கின பிறகு மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரைப் பிள்ளையின் தலையில் ஊற்றினால்தான் அம்மாள் வீட்டை விட்டுப் போவாள், அதன் பிறகுதான் அடுப்பில் தாச்சி ஏறும். அதுவரைக்கும் சுந்தரிக்குக் கஞ்சித் தண்ணீர் மட்டும். அந்தக் கஞ்சியிலும் அரிசியைத் தேட வேண்டும். ஈசலும் கவுச்சிதான் என்று அந்த டின்னை அண்ணன் பரணில் ஏற்றி வைத்துவிட்டார்.

“ஒம்பதாம் நாளு காய்ச்சல் கொஞ்சம் விட்டுச்சு. என்னைப் பாத்து, ‘அப்பா, ஈசல் குடுப்பா’ன்னுச்சு. ‘தண்ணி ஊத்துனதும் தாரேன் கண்ணு, டின்னு நெறைய ஒனக்குத்தான்’னு சொன்னேன். பரணையே பாத்துக்கிட்டுக் கெடந்துச்சு. எனக்குப் பாக்க முடியல, மலைக்கு வேலைக்குப் போயிட்டேன். மறுநா விடியக்குள்ள போயிருச்சுங்க. ரெண்டு நாள்ல தண்ணி ஊத்துறதா இருந்துச்சு. டின்னையும் கூடவே வச்சுப் பொதைச்சிட்டோம்.”

பரிமளம் மிஸ் அழுதுகொண்டிருந்தார். “மூக்கையா, நான் சொல்றதைக் கேளுங்கோ. ஒரு பிடி ஈசலாலை அந்தப் பிள்ளை தப்பியிருக்குமெண்டு ஒருத்தராலும் சொல்லேலாது. நாள் கடந்துபோச்சு. அதுக்கு எவ்வளவோ காரணம் இருக்கும்.”

“தப்பியிருக்கும்னு நான் சொல்லலீங்க மேடம்” என்றார் அவர். “அது சாகுறதுக்கு முன்ன கேட்டது அது ஒண்ணுதான். குடுக்காதது சரின்னுதான் முப்பத்தஞ்சு வருஷம் இருந்தேன். குடுத்திருந்தா மாரியம்மா கோவத்துல புள்ள அன்னிக்கே போயிருக்கும், நான் காப்பாத்தத்தானே பாத்தேன்னு. இப்ப அதும் இல்லீங்களே.”

நான் அவரை மாரியம்மன் கோயிலில் எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன். பஸ்ஸில் போகும்போது வெளியே கும்பிட்டுக்கொண்டு நிற்பார். “அம்மாகிட்ட வருஷா வருஷம் மன்னிப்புக் கேட்டேன்” என்றார். “புள்ளகிட்ட ஒரு நா கேக்கல.”

அவரைத் தனியே அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. மிஸ்ஸிடம் சொல்லிவிட்டு ஓட்டோ பிடித்து அம்பிட்டியவுக்குக் கூட்டிப்போனேன். வறுத்த ஈசலில் மிஞ்சியதை மிஸ் ஒரு சின்னப் பையில் போட்டு வைத்திருந்தார். புறப்படும்போது அண்ணன் அதைக் கேட்டு வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

சரிவில் இரண்டு அறை வீடு. வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து. காய்ந்ததில்லை, அன்று காலையில் பறித்த பச்சைக் கொத்து. ரத்தினம்மா அக்கா வெளியே வந்தார். மெலிந்த பெண். என்னைக் கண்டு பதறி, “உள்ள வராதீங்க நானா, கோவிச்சுக்காதீங்க, இஸ்தோப்புலயே உக்காருங்க” என்று வெளி விறாந்தையில் வாங்கைத் துடைத்துப் போட்டார். அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. தண்ணீர் ஊற்றாமலே பிள்ளை போய்விட்டதால் அம்மாள் இவர்களை விட்டு இன்னும் போகவில்லை, லயத்தை விட்டு இங்கே வந்தபோது கூடவே வந்திருக்கிறாள். முப்பத்தைந்து வருஷமாக இவர்கள் இருக்கிற வீடு முத்துப் போட்ட வீடு. அதனால்தான் எனக்கு அழைப்பில்லை. அதனால்தான் பருப்பில் கடுகில்லை. நான் வாங்கில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டேன்.

அண்ணன் நின்றபடியே சொன்னார். “ரத்தினம், ஈசல் நல்லதாம். சின்னமுத்து வந்த புள்ளைக்குக் குடுக்கணுமாம். படிச்சவங்க சோதிச்சுப் பாத்துச் சொல்றாங்க. நான் பாவி, கேட்ட புள்ளைக்குக் குடுக்காம விட்டுட்டேன்.” பையை எடுத்து அக்காவின் கையில் வைத்தார்.

அக்கா பையைத் திறந்து மணந்து பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். “நானா, நீங்க படிச்சவங்க, பொய் சொல்லாதீங்க. அத ஒரு பிடி தின்னா புள்ள சாகாதுங்களா?”

“சாகாது அக்கா. அது சாப்பாடுதான். நல்ல சாப்பாடு.”

“சத்தியமா?”

“அல்லாஹ்மேல சத்தியமா.”

அக்கா நிலையைப் பிடித்துக்கொண்டார். “நான் குடுத்தேன்” என்றார்.

அண்ணனுக்கு முதலில் விளங்கவில்லை.

“நீங்க மலைக்குப் போயிட்டீங்க. அது பரணையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. கதவச் சாத்திட்டு டின்ன எறக்கி ஒரு பிடி குடுத்தேன். மென்னு மென்னு தின்னுச்சு. சிரிச்சுச்சு. இன்னுங் கொஞ்சம் கேட்டுச்சு, பயந்துபோய் மூடி வச்சிட்டேன். விடியிறதுக்குள்ள போயிருச்சு. என் கையாலதான் போச்சுன்னு இருந்தேன். இன்னொரு புள்ள என் வயித்துல வரக் கூடாதுன்னு அதுக்குத்தான் ஒங்களத் தள்ளி வச்சேன்.”

“தின்னுச்சா?” என்றார் அண்ணன். “ரத்தினம், புள்ள தின்னுச்சா?”

“தின்னுச்சு.”

“சிரிச்சுச்சா?”

“சிரிச்சுச்சு.”

அதையே திருப்பித் திருப்பிக் கேட்டார். நாலைந்து தடவை கேட்டிருப்பார். பிறகு, “ஏன்டி எங்கிட்டச் சொல்லல?” என்று கத்தினார்.

“சொல்லியிருந்தா என்னை வச்சிருப்பீங்களா?” என்றார் அக்கா.

இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து அழுதார்கள். பிள்ளையை அன்றைக்குத்தான் புதைத்துவிட்டு வந்தவர்கள் அழுவது போல் இருந்தது. ஒரே கூரைக்குக் கீழே ஒருவர் கொடுக்காததற்கும் ஒருவர் கொடுத்ததற்குமாக இத்தனை வருஷம் தனித்தனியே வெந்திருக்கிறார்கள். நான் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து நடந்தேன். ஓட்டோ எடுக்கவில்லை, டவுன் வரைக்கும் நடந்தே போனேன்.

வியாழனும் வெள்ளியும் அண்ணன் வேலைக்கு வரவில்லை. திங்கட்கிழமை வந்தார். கண் வீங்கியிருந்தது. குழாய்களைக் கழுவினார், அடுப்பைப் பார்த்தார். பன்னிரண்டரைக்குப் பின்னறைக்கு வந்தார்.

“வெள்ளிக்கெழம தண்ணி ஊத்துனோங்க” என்றார்.

“யாருக்கு அண்ணே?”

“அவ எனக்கு ஊத்துனா, நான் அவளுக்கு ஊத்துனேன்.”

பார்சலை அவிழ்த்தார். வாசனை வந்தது. பருப்பில் கடுகு, செத்தல் மிளகாய், வெங்காயம், கறிவேப்பிலை. கடுகு கரிந்து போயிருந்தது, வெங்காயமும் பாதி தீய்ந்திருந்தது.

“கருக்கிட்டா” என்றார் அண்ணன். “கை பழக்கம் விட்டுப்போச்சு.”

ஒரு வாய் எடுத்து வைத்தார். மென்றுகொண்டே இருந்தார். கண்ணீர் மூக்கில் வழிந்து சோற்றில் விழுந்தது. நான் என் பார்சலை அவிழ்க்காமல் உட்கார்ந்திருந்தேன். கேலி செய்ய அன்றைக்குத்தான் கறியில் ஏதாவது இருந்தது, எனக்கு வாய் எழும்பவில்லை. அவர் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்தார்.